பதினான்காம் கண்ணாடி

ஹாம்பர்க் துறைமுகத்தில்
பழைய சரக்குக் கிடங்கின் ஏழாம் மாடிக்கு வெளியே
தொங்குவது என் வேலை.
வாளி, ரப்பர் துடைப்பான், இடுப்பில் இரண்டு கொக்கி.
ஒரு கயிறு அறுந்தால் இன்னொன்று.
இன்னொன்றும் அறுந்தால் என்ன என்பதற்கு
விதிப்புத்தகத்தில் பக்கம் இல்லை.

கண்ணாடியில் அழுக்கு குறைவு, சிலந்திதான் அதிகம்.
கீழே நதி. நதியால் பூச்சி.
பூச்சியை இழுக்க மாடிக்கு மாடி விளக்கு.
இதை எந்தச் சிலந்திக்கும் யாரும் சொல்லவில்லை,
விளக்கோரம் பார்த்துத்தான் குடியேறுகின்றன.
உள்ளே இருப்பவர்கள் புகார் எழுதுவார்கள்,
ஃபிரௌக்கே அதை எனக்கு அனுப்புவாள்,
நான் துடைப்பேன்.
மறுநாள் அதே மூலையில் அதே வட்டம்,
நேற்று என்று ஒன்று நடக்காதது போல.

மொம்மே என் கயிற்றுக் கூட்டாளி.
மார்ச் மாதம் விஞ்ச்
அவன் வலது கையில் இரண்டு விரலைத் தின்றது.
திரும்பி வந்த அன்று
எட்டு முடிச்சு போடப் போனான்.
பதினெட்டு வருடம் இருட்டில் போட்ட முடிச்சு.
கை பாதியில் நின்றுவிட்டது.
"கைக்குத் தெரிந்திருந்தது," என்றான்,
"எனக்குத் தெரிந்திருக்கவில்லை."
படம் போட்ட பக்கத்தை விரித்து
முதல் நாள் பையனைப் போல உட்கார்ந்தான்.

அக்டோபரில் நான் ஒரு தப்பு செய்தேன்.
பதினான்காம் கண்ணாடி. அவசரம்.
துடைப்பான் போன தடத்தில்
இரண்டு கால் ஒட்டியிருந்தது,
உதிர்ந்த கண்ணிமை மயிர் மாதிரி.
அவள் கீழே ஒரு முழம் இறங்கி
காற்றில் சும்மா கிடந்தாள்.
எட்டில் இரண்டு போனால் என்ன மிச்சம் என்று
கணக்குப் பார்க்கிறவள் மாதிரி இருந்தது.
அது என் கற்பனை.

ஆறு மணிக்கு இருட்டியது.
உள்ளே, ஜன்னலுக்கு இந்தப் பக்கம்,
காப்பிக் குடுவையோடு நாங்கள் இருவரும்.

முதலில் ஓர் இழையைக் காற்றில் விட்டாள்.
எங்கே போகிறது என்று பார்க்கவில்லை,
பார்க்கும் கண்ணும் இல்லை அவளுக்கு.
எங்கோ ஒட்டியது. இழுத்துப் பார்த்தாள். நடந்தாள்.
நடுவிலிருந்து தொய்ந்து ஒரு கவை.
பிறகு ஆரங்கள், ஒவ்வொன்றாக,
எது தளர்வோ அதன் எதிர்ப்பக்கம் அடுத்தது.
பிறகு உள்ளிருந்து வெளியே பசையில்லாத சுற்று,
கொத்தனார் கட்டும் சாரம்.
பிறகு வெளியிலிருந்து உள்ளே பசைச் சுற்று,
சாரத்தைத் தின்றுகொண்டே.

அங்கேதான் கால் வேண்டும்.
முந்தைய இழையைத் தொட்டு இடைவெளி அளக்கும் கால்.
வலப்பக்கம் முன்னங்கால் நீள வேண்டிய இடத்தில்
ஒன்றும் நீளவில்லை.
நின்றாள்.
மொம்மே குடுவை மூடியைக் கையிலேயே வைத்திருந்தான்.
அடுத்த கால் வந்தது.
குட்டைக் கால். எட்டவில்லை.
உடம்பையே கொஞ்சம் சாய்த்து எட்ட வைத்தாள்.
சுற்று தொடர்ந்தது.
வலது மேல் பக்கம் மட்டும் இழைகள் நெருக்கி அடித்து,
பல் மேல் பல் முளைத்த வாய் போல.

"யோசித்தாளா?" என்று கேட்டான்.
"பிறவியிலேயே இருக்கும் அது," என்றேன்.
"கால் போவதுமா பிறவியிலேயே இருக்கும்?"
எனக்குப் பதில் வரவில்லை.
நூலறிவு என்று நாம் எதைச் சொல்கிறோமோ
அது அவளிடம் இல்லை.
நூல் மட்டும் இருந்தது. அறிவு
அவள் உடம்பிலா அந்த நூலிலா என்று
பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஏழரைக்கு ஒரு கொசு விழுந்தது.
கோணல் பக்கத்தில்தான்.

மறுநாள் பதிவேட்டில் எழுதினேன்:
கண்ணாடி 14, விளிம்பில் விரிசல், தொடவில்லை.
விரிசல் எதுவும் இல்லை.
ஃபிரௌக்கே போனில் கேட்டாள், "பெரிய விரிசலா?"
"பார்த்துக்கொண்டிருக்கிறோம்," என்றேன்.

நவம்பர் மூன்றாம் வாரம் உறைபனி.
அவள் இல்லை. பாதி வலை வெள்ளையாக விறைத்திருந்தது.
துடைத்தேன்.
மேலே மொம்மே முடிச்சு போட்டுக்கொண்டிருந்தான்,
புத்தகம் பையில்,
மூன்று விரலும் உள்ளங்கையும் பல்லும் சேர்ந்து.
போட்டு முடித்ததும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.
என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னான்.